"உங்கள் பிரவுசர் ஆதரிக்கப்படவில்லை": கோளாறு லைனிலா, பிரவுசரிலா?

கேள்வி: வீட்டு ஃபைபர் இணைப்பு ஒரு நாளில் நாலைந்து முறை அறுந்து அறுந்து வருகிறது. புகார் பதிய நிறுவனத்தின் தளத்துக்குப் போனால் "உங்கள் பிரவுசர் ஆதரிக்கப்படவில்லை" என்று ஒரு பக்கம் வந்து நிற்கிறது. கஸ்டமர் கேரைக் கூப்பிட்டால் "முதலில் பிரவுசரை மாற்றுங்கள், பிறகு பார்க்கலாம்" என்கிறார்கள். என்னிடம் இருப்பது விண்டோஸ் 7, ஃபயர்ஃபாக்ஸ் 115. லைன் அறுவதற்கும் பிரவுசருக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்:

சம்பந்தம் இல்லை. ஃபைபரில் வரும் ஒளிக்கும், ரவுட்டர் நிறுவனத்தோடு போட்டு வைத்திருக்கும் பிபிபிஓஇ என்ற உள்நுழைவு செஷனுக்கும், வைஃபைக்கும் நீங்கள் எந்தப் பிரவுசர் வைத்திருக்கிறீர்கள் என்பதே தெரியாது. பிரவுசர் பழையதானால் சில பக்கங்கள் திறக்காது, அல்லது கோணலாகத் திறக்கும். லைனை அறுக்கும் சக்தி அதற்கு இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: "ஆதரிக்கப்படவில்லை" என்ற அந்த அறிவிப்பே உங்கள் லைன் வழியாகத்தான் வந்து சேர்ந்தது. அந்த நிமிடத்தில் லைன் வேலை செய்தது, முகவரியும் கிடைத்தது, மறையாக்கமும் (என்கிரிப்ஷன்) ஒத்துப்போனது என்று அதற்குப் பொருள்.

ஆகவே உங்களிடம் இருப்பவை இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள். கஸ்டமர் கேர் இரண்டையும் ஒரே முடிச்சாகப் போடுகிறது. அதை அவிழ்க்க வேண்டுமானால், பிரவுசரே இல்லாமல் லைனைச் சோதித்துக் காட்ட வேண்டும். அதற்குப் பத்து நிமிடம் போதும்.

கணினியை ரவுட்டரோடு கேபிளில் இணையுங்கள். வைஃபையில் சோதித்தால் "உங்கள் வீட்டு வைஃபைதான் சரியில்லை" என்ற பதில் வரும். பல சமயம் அந்தப் பதில் நியாயமாகவும் இருக்கும். இனி ஸ்டார்ட் மெனுவில் சிஎம்டி என்று தேடி, கறுப்புத் திரையைத் திறந்து ஐபிகான்ஃபிக் கட்டளையைக் கொடுங்கள். "டிஃபால்ட் கேட்வே" என்ற வரியில் இருப்பதுதான் ரவுட்டரின் முகவரி. பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். இப்போது இரண்டு கறுப்புத் திரைகளை அருகருகே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முகவரி பதில் சொல்கிறதா என்று பார்க்கும் கட்டளை பிங். ஒன்றில் அந்த முகவரிக்கும் மற்றதில் 8.8.8.8க்கும் (இணையத்தில் உள்ள கூகுள் சர்வர்) பிங் கட்டளையை "-டி" (-t) சேர்த்துக் கொடுங்கள். அது சேர்ந்தால்தான் நீங்கள் நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். சேர்க்காவிட்டால் விண்டோஸ் நாலு முறை அனுப்பிவிட்டு நின்றுவிடும். லினக்ஸிலும் மேக்கிலும் இதைச் சேர்க்கத் தேவையில்லை.

நெட் அறுகிற நேரத்தில் இரண்டு திரைகளையும் பாருங்கள். ரவுட்டர் பதில் சொல்லிக்கொண்டிருக்க, 8.8.8.8 மட்டும் "ரிக்வஸ்ட் டைம்டு அவுட்" என்று வந்தால் கோளாறு பெரும்பாலும் ரவுட்டருக்கு வெளியே, நிறுவனத்தின் பக்கம் இருக்கிறது. ரவுட்டரும் பதில் சொல்லாவிட்டால் கேபிள், ரவுட்டர், அதன் அடாப்டர், இவற்றில் ஒன்று. "டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்" என்ற பதில் உங்கள் கணினியின் சொந்த முகவரியிலிருந்தே வந்தால், கணினியால் ரவுட்டரையே கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டு திரையும் சீராக ஓடிக்கொண்டிருக்க, பக்கங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால்தான் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றும் சேவை) பக்கமோ பிரவுசர் பக்கமோ திரும்ப வேண்டும்.

விண்டோஸின் பிங் நேரத்தைப் பதிவதில்லை. அறுந்த நேரத்தைக் கடிகாரம் பார்த்துத் தாளில் குறித்து வையுங்கள். கண்ட்ரோல் + சி அழுத்தி நிறுத்தினால் எத்தனை அனுப்பியது, எத்தனை தொலைந்தது என்ற கணக்கு கடைசியில் வரும். அதைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். தகவல் போகும் வழியைக் காட்டும் டிரேசர்ட் கட்டளையில் நடுவில் வரும் நட்சத்திரக் குறிகளைக் காட்டிச் சண்டை போட வேண்டாம். வழியில் உள்ள பல ரவுட்டர்கள் அந்த வகைக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. கடைசி முகவரி ஒழுங்காகப் பதில் சொன்னால் நடுவில் உள்ள நட்சத்திரங்களைக் கோளாறாக எண்ணக் கூடாது. இந்தத் தவறான ஆதாரத்தைக் கொடுத்துவிட்டு, சரியான புகாரும் சேர்ந்து தள்ளுபடியாவது அடிக்கடி நடக்கிறது.

பிங் சரியாக ஓடியும் எந்தத் தளமும் பெயர் சொல்லித் திறக்கவில்லை என்றால், என்எஸ்லுக்அப் கட்டளையில் ஏதாவது ஒரு தளத்தின் பெயரைக் கொடுங்கள். பிறகு அதே பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்டு 1.1.1.1 (வேறொரு பொது டிஎன்எஸ்) சேர்த்து மறுபடி கொடுங்கள். முதலாவது தோற்று இரண்டாவது ஜெயித்தால், வழக்கமாக நீங்கள் பயன்படுத்தும் டிஎன்எஸ், பெரும்பாலும் நிறுவனத்தினுடையது, படுத்திருக்கிறது. ஒரு பிரவுசரில் திறந்து இன்னொன்றில் திறக்காமல் இருப்பதற்கும் இதில் ஒரு காரணம் ஒளிந்திருக்கும். இன்றைய பிரவுசர்கள் டிஎன்எஸ் கேள்வியை எச்டிடிபிஎஸ்ஸுக்குள் வைத்துத் தாமே வேறிடத்துக்கு அனுப்ப வல்லவை. அந்த வசதி ஒன்றில் திறந்தும் மற்றதில் மூடியும் இருந்தால், ஒரே கணினியில் இரண்டு விதமாக நடக்கும். "வேறு பிரவுசரில் திறக்கிறதே, அப்படியானால் பழைய பிரவுசர்தான் கெட்டது" என்ற முடிவுக்கு உடனே வராதீர்கள்.

சில தளங்கள் திறந்து, சில பாதியில் தொங்குகின்றன என்றால் பாக்கெட் (ஒரே தடவையில் போகும் தகவல் துண்டு) அளவைப் பார்க்க வேண்டும். பிபிபிஓஇ இணைப்பில் அதிகபட்ச அளவு வழக்கமாக 1492 பைட். பிங்கின் தலைப்புகளுக்கு 28 போக மீதி 1464. பிங் கட்டளையில் "-எஃப்", "-எல் 1464" (-f -l 1464) இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள். போகாமல் நின்று, எண்ணைக் குறைத்தால் போகிறது என்றால், ரவுட்டரின் எம்டியூ (அதிகபட்ச பாக்கெட் அளவு) அமைப்பைச் சரிசெய்ய வேண்டும்.

இனி பிரவுசர் விஷயம். "ஆதரிக்கப்படவில்லை" என்ற ஒரே பேச்சுக்குப் பின்னால் முற்றிலும் வேறான மூன்று நிலைமைகள் உண்டு. எது என்று திரையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

முதலாவது, தளத்தோடு கைகுலுக்கவே முடியாத நிலை. இதில் தளத்தின் பக்கம் வராது. பிரவுசரின் சொந்தப் பிழைப்பக்கம்தான் வரும். குரோமில் "எஸ்எஸ்எல் வெர்ஷன் ஆர் சைஃபர் மிஸ்மேட்ச்" என்று முடியும். பிரவுசரும் தளமும் மறையாக்கத்துக்குப் பயன்படுத்தும் நெறிமுறை டிஎல்எஸ். அதன் 1.0 பதிப்பு 1999இல் வந்தது, 1.1 2006இல் வந்தது. பெரிய பிரவுசர்கள் எல்லாம் இவ்விரண்டையும் 2020இல் கைவிடத் தொடங்கின. 2021 மார்ச்சில் இணையத் தர அமைப்பே அவற்றை முறையாக விலக்கியது. 1.2, 1.3 மட்டும் பேசும் தளத்தோடு அவற்றைத் தெரியாத பிரவுசர் பேச வழியில்லை. தளம் தன் அடையாளத்தை நிரூபிக்கக் காட்டும் சான்றிதழும் இதே வகைதான். இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் சான்றிதழ்களைத் தாங்கி நின்ற பழைய வேர்ச் சான்றிதழ் ஒன்று 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. புதிய வேரை அறியாத பழைய கருவிகளில் அன்றைக்கு ஏராளமான தளங்கள் திறக்காமல் போயின. இவற்றுக்கெல்லாம் முன்னால் கணினியின் தேதியைப் பாருங்கள். பழைய கணினியில் மதர்போர்டின் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருந்தால், அணைத்துப் போடும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். சான்றிதழ்கள் எல்லாம் செல்லாதவையாகத் தெரியும். பேட்டரியை மாற்றினால் தீர்கிற விஷயத்துக்குக் கணினியையே மாற்றியவர்கள் உண்டு.

இரண்டாவது, பக்கம் வருகிறது, ஆனால் வெள்ளையாக நிற்கிறது, அல்லது பொத்தான் அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை. இது ஜாவாஸ்கிரிப்ட் பிரச்சினை. ஒரு உதாரணம்: "?." என்று கேள்விக்குறியும் புள்ளியும் சேர்ந்த ஒரு குறியீடு குரோமில் 80ஆம் பதிப்பிலும் ஃபயர்ஃபாக்ஸில் 74ஆம் பதிப்பிலும், இரண்டுமே 2020இல், வந்தது. அதற்கு முந்தைய பிரவுசர் அந்தக் குறியைக் கண்டதும் அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டுப் போகாது. அந்தக் கோப்பு முழுவதையும் ஓட்ட மறுத்துவிடும். அதனால்தான் சின்ன வித்தியாசத்துக்குப் பக்கம் முழுவதும் செத்துக் கிடக்கிறது. எஃப் 12 அழுத்தி கன்சோலைத் திறந்தால் சிவப்பில் "சின்டாக்ஸ் எர்ரர்" என்று இருக்கும். இருந்தால் பிரவுசர் உண்மையிலேயே பழசு. அதைப் புதுப்பிப்பதுதான் வழி.

மூன்றாவதுதான் உங்களுடையது. அழகாக வடிவமைத்த அறிவிப்புப் பக்கம், நிறுவனத்தின் சின்னத்தோடு வருகிறது. இங்கே எதுவும் உடையவில்லை. பிரவுசர் ஒவ்வொரு கோரிக்கையோடும் தன் பெயர், பதிப்பு எண், இயங்குதளம் எல்லாவற்றையும் ஒரு வரியில் சொல்லி அனுப்புகிறது. அதை யூசர் ஏஜென்ட் என்பார்கள். தளம் அந்த வரியைப் படித்து, தன் பட்டியலில் இல்லை என்றதும் கதவைச் சாத்துகிறது. அந்தப் பக்கத்துக்குத் தேவையான வசதி பிரவுசரில் இருக்கிறதா என்று அது கேட்டே பார்க்கவில்லை. இது மோசமான பழக்கம் என்பது என் உறுதியான கருத்து. பட்டியலைப் புதுப்பிக்க மறந்தால், நல்ல பிரவுசர்களும் வெளியே நிற்கும். ஓபரா 10 வந்தபோது, முதல் இலக்கத்தை மட்டும் படித்த தளங்கள் அதை "பதிப்பு 1" என்று எடுத்துக்கொண்டன. அதனால் ஓபரா தன்னை 9.80 என்று சொல்லிக்கொள்ள நேர்ந்தது. உங்கள் ஃபயர்ஃபாக்ஸ் 115இலும் இந்த வடு இருக்கிறது. அதன் வரியில் "ஆர்வி" என்ற இடத்தில் 115 இருக்காது, 109 இருக்கும். அங்கே 11 என்று தொடங்கும் எண்ணைக் கண்டால் சில தளங்கள் அதை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11 என்று தவறாக நினைத்தன. அதனால் 110 முதல் 119 வரை அந்த எண்ணை 109இலேயே நிறுத்தி வைத்தார்கள்.

இதைத் தாண்டும் வழி: முகவரிப் பட்டையில் அபவுட்:சப்போர்ட் பக்கத்தைத் திறந்து "யூசர் ஏஜென்ட்" வரியை அப்படியே நகலெடுங்கள். அதில் விண்டோஸ் என்டி 6.1 என்று இருப்பது விண்டோஸ் 7ஐக் குறிக்கும். அதை 10.0 ஆக மாற்றுங்கள். "ஆர்வி" எண்ணையும் கடைசியில் வரும் ஃபயர்ஃபாக்ஸ் எண்ணையும் தற்போதைய பதிப்பின் எண்ணாக, இரண்டையும் ஒன்றுபோல மாற்றுங்கள். பிறகு அபவுட்:கான்ஃபிக் பக்கத்தில் ஜெனரல்.யூசர்ஏஜென்ட்.ஓவர்ரைட் (general.useragent.override) என்ற பெயரில் (சொற்களுக்கு நடுவே புள்ளி, இடைவெளி இல்லை, எல்லாம் சின்ன எழுத்து) "ஸ்டிரிங்" வகையில் புதிய அமைப்பு ஒன்றைச் சேர்த்து அந்த வரியை ஒட்டுங்கள். குரோமிலும் எட்ஜிலும் எஃப் 12, மூன்று புள்ளி மெனு, "மோர் டூல்ஸ்", "நெட்வொர்க் கண்டிஷன்ஸ்" என்று போனால் அங்கேயே மாற்றலாம். அந்தக் கருவிப் பலகை திறந்திருக்கும்வரைதான் அது நீடிக்கும். புகாரைப் பதிந்ததும் அமைப்பை நீக்கிவிடுங்கள். பணம் கட்டும் பக்கத்தில் மாற்றிய வரியோடு போக வேண்டாம். சொல்வதும் நடப்பதும் பொருந்தாத பிரவுசரை மோசடித் தடுப்பு அமைப்புகள் சந்தேகித்து நிறுத்திவிடலாம்.

நிறுவனத் தளத்தின் அரட்டைப் பெட்டி மட்டும் வரவில்லை என்றால் வேறு காரணம். அது பெரும்பாலும் வேறொரு நிறுவனத்தின் தளத்திலிருந்து வந்து ஒட்டிக்கொள்வது. ஃபயர்ஃபாக்ஸின் பின்தொடர்தல் தடுப்போ விளம்பரத் தடுப்பானோ அதை நிறுத்தியிருக்கும். முகவரிப் பட்டையில் இருக்கும் கேடயச் சின்னத்தை அழுத்தி அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பை நிறுத்துங்கள். ஐபோனில் "வேறு பிரவுசரில் பாருங்கள்" என்ற யோசனைக்குப் பெரிய பயன் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் போன்ற சில இடங்களில் வந்த விலக்கை விட்டால், ஐபோனில் குரோமோ ஃபயர்ஃபாக்ஸோ எதை நிறுவினாலும் உள்ளே ஓடுவது சஃபாரியின் அதே இன்ஜின்தான். அங்கே ஐஓஎஸ்ஸைத்தான் புதுப்பிக்க வேண்டும்.

ரவுட்டரின் சொந்தப் பக்கத்தில் இந்தக் கதை தலைகீழாகும். அங்கே பிரவுசர் புதுசு, ரவுட்டரின் மென்பொருள் பழசு. புதிய பிரவுசர் அதோடு பேச மறுக்கும். முதலில் முகவரிக்கு முன்னால் எச்டிடிபி என்பதை முழுதாக அடித்துப் பாருங்கள். பல ரவுட்டர்கள் மறையாக்கம் இல்லாமலும் திறக்கும். பிரவுசர்தான் தானாக எச்டிடிபிஎஸ்ஸுக்கு இழுத்துக்கொண்டு போகும். அது பலிக்காவிட்டால் ஃபயர்ஃபாக்ஸில் அபவுட்:ப்ரொஃபைல்ஸ் பக்கத்தில் தனியாக ஒரு ப்ரொஃபைல் உருவாக்கி, அதில் மட்டும் செக்யூரிட்டி.டிஎல்எஸ்.வெர்ஷன்.மின் என்ற எண்ணை 3லிருந்து 1க்கு இறக்குங்கள். 3 என்றால் டிஎல்எஸ் 1.2, 1 என்றால் 1.0. அந்த ப்ரொஃபைலில் ரவுட்டரைத் தவிர வேறு எதையும் திறக்காதீர்கள். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை மட்டும் எதிர்பார்க்கும் பக்கமானால் விண்டோஸ் 10, 11இல் எட்ஜின் ஐஇ மோட் இருக்கிறது. அதில் சேர்க்கும் முகவரி 30 நாளில் தானாக நீங்கிவிடும், மறுபடி சேர்த்துக்கொள்ளலாம். வேறு வழியே இல்லாமல் மிகப் பழைய பிரவுசரை ஓட்டத்தான் வேண்டும் என்றால், ரவுட்டரின் வேன் (WAN, வெளி இணைப்பு) துளையில் உள்ள கேபிளைப் பிடுங்கிவிட்டு ஓட்டுங்கள். வெளியுலகம் அதற்குத் தெரியாது. ஃபைபர் நேரே ரவுட்டருக்குள் போகிற ஒரே பெட்டியாக இருந்தால் இதைச் செய்ய வேண்டாம். அந்த முனையில் தூசி பட்டாலே ஒளி குறையும்.

அந்தப் பக்கத்துக்குள் போனால் ஒரு எண்ணைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள்: ஆப்டிகல் ரிசீவ்டு பவர், அல்லது ஆர்எக்ஸ் பவர். வந்து சேரும் ஒளியின் வலிமை இது. பரவலாக உள்ள ஜிபான் (வீட்டு ஃபைபர் இணைப்பு முறை) கருவிகள் −8 முதல் −27 டிபிஎம் (ஒளி வலிமையின் அலகு) வரை தாங்கும். −27ஐ நெருங்கி நின்றால் லைன் விளிம்பில் இருக்கிறது. அறுந்து அறுந்து வருவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அறுகிற நேரத்தில் பெட்டியில் லாஸ் (LOS) விளக்கு சிவப்பாகிறதா என்றும் பாருங்கள். சிவந்தால் ஒளியே வரவில்லை. அதன் பிறகு பிரவுசரைப் பற்றிப் பேச எவருக்கும் இடமில்லை.

இப்போது கூப்பிடுங்கள். எதிர்முனையில் பேசுபவர் தன் முன்னால் உள்ள கேள்விப் பட்டியலை வரிசையாகக் கேட்க வேண்டியவர். அவரிடம் கோபப்படுவதில் பலன் இல்லை. அந்தக் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் கொடுத்துவிட்டால் அவர் அடுத்த நிலைக்கு அனுப்பியாக வேண்டும். இப்படிச் சொல்லலாம்: "கேபிளில் சோதித்தேன், வைஃபை இல்லை. ரவுட்டருக்குப் பிங் சீராகப் போகிறது. 8.8.8.8க்கு இன்று இன்ன இன்ன நேரங்களில் இத்தனை நிமிடம் தொலைந்தது. அப்போது லாஸ் விளக்கு இப்படி இருந்தது. ஆர்எக்ஸ் பவர் இவ்வளவு. உங்கள் பக்கத்தில் செஷன் அறுந்த பதிவையும் ஒளி அளவையும் பார்த்து, புகார் எண் கொடுங்கள்." இவற்றைப் பார்க்க அவர்களுக்கு உங்கள் பிரவுசர் தேவையில்லை. செஷன் எப்போது விழுந்தது, எப்போது எழுந்தது என்பது அவர்களுடைய சர்வரில் இருக்கும். நிறுவனமே கொடுத்த ரவுட்டரானால் டிஆர்-069 நெறிமுறை வழியாக அதன் அமைப்புகளையும் அவர்களால் தூரத்திலிருந்தே படிக்க முடியும். அப்போதும் "பிரவுசர்" என்றால், "பிங் பிரவுசருக்குள் ஓடுவதில்லை, அதிலும் அறுகிறது" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் புகார் எண்ணையே கேளுங்கள்.

ஓர் இடத்தில் அவர்கள் சொல்வது சரியாக இருக்கும்: வேகச் சோதனை. அது பிரவுசருக்குள்தான் ஓடுகிறது. இரண்டு கோர் உள்ள பழைய கணினி, வேகமான லைனின் மறையாக்கத்தையும் ஸ்கிரிப்ட்டையும் சுமக்க முடியாமல் குறைவாகக் காட்டும். சோதனை ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் சிபியூ 100 சதவீதத்தில் நின்றால் அந்த அளவை நம்பாதீர்கள். அளவு எப்போதும் 94 எம்பிபிஎஸ் அருகே முட்டி நின்றால், உங்கள் கேபிளோ நெட்வொர்க் துளையோ 100 எம்பிபிஎஸ் அளவில்தான் ஓடுகிறது. எட்டுக் கம்பியில் ஒன்று அறுந்தாலும் அப்படி ஆகலாம்.

உங்கள் கணினியைப் பற்றியும் நேராகச் சொல்ல வேண்டும். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14இல் முடிந்தது. அதில் ஓடும் கடைசிக் குரோம் 109. கடைசி ஃபயர்ஃபாக்ஸ் 115, அதிலும் பாதுகாப்புத் திருத்தம் தொடர்ந்து வந்தது நீடித்த ஆதரவுப் பதிப்பான ஈஎஸ்ஆருக்குத்தான். உங்களிடம் இருப்பது 115.13 ஈஎஸ்ஆருக்கும் முந்தையது என்றால் உடனே புதுப்பியுங்கள். ஒரு வேர்ச் சான்றிதழ் காலாவதியானதால் 2025 மார்ச் 14க்குப் பிறகு அவற்றில் நீட்சிகள் (ஆட்-ஆன்கள்) ஒழுங்காக இயங்குவதில்லை. பிரவுசரின் பெயரை மாற்றிச் சொல்லிப் புகார் பதியலாம். அந்தக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம். 8 ஜிபி பென் டிரைவில் லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றை எழுதி, நிறுவாமலே அதிலிருந்து கணினியைத் துவக்கிப் பாருங்கள். புதிய பிரவுசர் கிடைக்கும், விண்டோஸும் அப்படியே இருக்கும். லைன் சோதனைக்கும் அது பயன்படும்: அதிலும் அதே நேரத்தில் அறுந்தால், "உங்கள் விண்டோஸில்தான் கோளாறு" என்ற பேச்சும் அங்கேயே முடிந்தது. "லினக்ஸை நாங்கள் ஆதரிப்பதில்லை" என்று சொல்லக்கூடும். அதனால் போனில் அதன் பெயரை எடுக்காமல் நேரங்களையும் எண்களையும் மட்டும் கொடுங்கள்.

ஆள் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு ஒரு முழு நாள் பிங்கை ஓடவிட்டு, ஆர்எக்ஸ் பவரை மறுபடி குறித்துப் பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள். எண் மாறாமல், லைனும் அறுந்துகொண்டே இருந்தால், புதிய புகார் கொடுக்காமல் அதே புகார் எண்ணை மறுபடி திறக்கச் சொல்லுங்கள். புதியது கொடுத்தால் முதல் கேள்வியிலிருந்து, பிரவுசரிலிருந்து, எல்லாம் மறுபடி தொடங்கும்.